இருநூறு வயதுப் பியானோவுக்கு ஒரு பெயர்

"யாரைக் கேட்டு எங்க முப்பாட்டனார் பேரை வச்சீங்க? எடுத்துடுங்க. இல்லேன்னா வக்கீலோட வருவேன்." மறுமுனையில் போன் வைக்கப்பட்டது.

பெயர்க்காரி தலையில் கை வைத்துக்கொண்டாள். பழைய பியானோக்களின் ஒலியைப் பதிவு செய்து, கணினியில் வாசிக்கும்படி விற்கிற நிறுவனம் அது. ஒவ்வொன்றுக்கும் பெயர் வைப்பது அவள் வேலை. செய்தவர் பெயர், செய்த ஆண்டு என்று அவளே ஒரு விதியும் வகுத்திருந்தாள். அருங்காட்சியகத்தின் இருநூறு வயதுப் பியானோ மறுநாள் வெளியாக வேண்டும். செய்தவரின் வாரிசு இப்படி முறுக்கிக்கொண்டு நிற்கிறார்.

செய்தவரை எடுத்துவிட்டு, அதை வைத்திருந்த சீமாட்டியின் பெயரைப் போட்டு அருங்காட்சியகத்துக்கு அனுப்பினாள். உடனே அங்கிருந்து காப்பாளர் அம்மாள் போனில் கூப்பிட்டார்.

"அவங்க எங்கே வாசிச்சாங்க? அது மேல பூந்தொட்டி வச்சிருந்தாங்க. வாசிச்சது அவங்க நாத்தனார்."

"அப்போ நாத்தனார் பேரை வச்சிடறேன்."

"வைங்க. அந்த ரெண்டு குடும்பமும் இன்னிக்கு வரைக்கும் பேசிக்கிறதில்ல. அதையும் மனசுல வச்சுக்கோங்க."

வம்பே வேண்டாமென்று ஆண்டை மட்டும் போட்டாள்: 1823.

"பெட்டிதான் அந்த வருஷம்," என்றார் காப்பாளர். "கால் மூணும் அப்புறம் மாத்தினது."

வெறுத்துப்போய் 'பழைய பியானோ' என்று எழுதினாள். முதலாளி எட்டிப் பார்த்தார்.

"பழைய பேப்பர் மாதிரி இருக்கேம்மா. சாயங்காலத்துக்குள்ள நல்ல பேரா வரல்லேன்னா, நாளைக்கு உங்க பேரை வேற கம்பெனியில சொல்லிக்க வேண்டியதுதான்."

வேறு வழியில்லாமல் எல்லோரையும் ஒரே அழைப்பில் உட்கார வைத்தாள். இரண்டு மணி நேர இழுபறிக்குப் பிறகு, 'இன்னார் பட்டறையில் உருவாகி, சீமாட்டி இல்லத்தில் நாத்தனாரால் வாசிக்கப்பட்டு, பிற்காலத்தில் கால் மாற்றப்பட்ட பியானோ' என்று முடிவானது. பதிவைப் போட்டுக் காட்டியதும் வாரிசு உருகிப்போனார்.

"எங்க முப்பாட்டனார் கைவேலை. ஒரு சுரத்துலயே தெரிஞ்சுபோச்சு."

பெயர்க்காரிக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. விடுப்பு முடிந்து அன்றுதான் திரும்பியிருந்த ஒலிப்பதிவாளர், பின்னால் நின்று திரையை எழுத்துக்கூட்டிப் படித்தார். கதவைச் சாத்திவிட்டு வந்து, குரலைத் தாழ்த்தினார்.

"அந்தப் பியானோல மொதக் கட்டையைத் தொட்டதுமே கம்பி அறுந்துடுச்சுக்கா, சத்தம் போடாம மூடி வச்சிட்டு வந்துட்டேன், இதுல கேக்கறது எங்க மாமியார் வீட்டுப் பியானோ."