பின்வாசலை அடைச்ச பெருச்சாளி

ஒரு காட்டுல, டவர் வைக்க வந்தவனே திரும்பி ஓடுன காட்டுல, பவுனம்மான்னு ஒரு பெருச்சாளி இருந்துச்சு. வளைக்குள்ள கண்ணு தொறக்காத குட்டிங்க.

அங்க சேதி சொல்றது தவளைங்க வேலை. சத்தம் மண்ணு, மரமெல்லாம் தாண்டி வளைக்குள்ள வரைக்கும் போவும். ஆனா எல்லாம் ஒரே நேரத்துல கத்தும். பாதி சேதி, பாதி பொண்ணு தேடுற விஷயம். அப்புறம் மின்மினிங்க வந்துச்சு. வளை வாசலைப் பாத்து மினுக்குனா சேதி பளிச்சுனு போயிடும். நடுவுல ஒரு இலை வந்தா மட்டும் அம்போ.

ரெண்டு கோஷ்டிக்கும் ஓயாத சண்டை. சிங்கம் ரெண்டையும் ஒண்ணாச் சேர்த்து, பச்சோந்தி பரமுவை மேனேஜராப் போட்டுச்சு. தகுதி? ஒரு கண்ணு இந்தப் பக்கம் பாக்குறப்பவே இன்னொண்ணு அந்தப் பக்கம் பாக்கும். வழி தெரிஞ்சா மின்மினி லைன், இலை மறைச்சா தவளை லைன். மின்மினி லைன் ஓடுறப்ப தவளைங்க வாயைத் தொறக்கக் கூடாது.

பவுனம்மாவுக்கு ஒரே நிம்மதி. ரெண்டு லைன் இருக்குறப்போ ரெண்டு வாசல் எதுக்கு, குட்டிங்களுக்குக் குளிருதுன்னு பின்வாசலை மண்ணு வெச்சு அடைச்சிடுச்சு.

ஒருநாள் பொழுது மசங்குற நேரம். சாரைப்பாம்பு அந்த வளைப்பக்கம் போறதைப் பாத்த அணில், பரமுகிட்ட ஓடிவந்து சொல்லுச்சு. பரமு மின்மினிங்களுக்குக் கையக் காட்டுச்சு. கத்திக்கிட்டிருந்த தவளைங்க வாயை மூடிக்கிச்சு. காத்துல ஒரு இலை ஆடி மறைச்சுது. தவளைக்கு மாத்துச்சு. தவளை வாயைத் தொறக்குறதுக்குள்ள இலை விலகிடுச்சு. மறுபடி மின்மினி, மறுபடி இலை. இலை ஆடுற வரைக்கும் பரமுவும் ஆடுச்சு.

"அண்ணே, ரெண்டு பேரையும் ஒண்ணாச் சொல்லச் சொல்லுண்ணே"ன்னுச்சு அணில்.

"அப்புறம் மேனேஜர் எதுக்குடா?"

வளைக்குள்ள பவுனம்மா காதுக்கு எட்டுனது, தவளைங்க திடீர்னு கப்சிப் ஆனது மட்டும்தான். முன்னெல்லாம் தவளைச் சத்தம் நின்னா பாம்பு வருதுன்னு அர்த்தம். எலிக்கூட்டமே குட்டியைக் கவ்விக்கிட்டுப் பின்வாசல்ல எகிறிடும். இப்போ பவுனம்மா, லைன் மாத்துறாங்க போலன்னு குட்டிங்களைத் தட்டிக்குடுத்துச்சு.

வாசல் இருண்டுச்சு.

"யாரது? ஒரு சேதியும் வரலையே?"ன்னுச்சு பவுனம்மா.

"லைன் கெடைக்கலையாம்க்கா. அதான் நேர்லயே சொல்லிட்டுப் போலாம்னு வந்தேன்"னுச்சு சாரை.

நீதி: நமக்குத்தான் ரெண்டு கனெக்‌ஷன் வேணும். பாம்புக்கு ஒரு வாசல் போதும்.