வணக்கம் முடியாத வேட்பாளர்

அன்பரே, மனிதருள் 'அவர்களே வேட்பாளர்' என்றொரு வகை உண்டு. தேர்தல் பருவத்தில் விழுப்புரத்தில் பேருந்து ஏறித் திண்டிவனத்தில் இறங்குவதற்குள் நால்வரையேனும் கண்டுவிடலாம். பெரிய கட்சி எதுவும் இவரை அறியாது. நாளிதழ்களில் 'மற்றும் பலர்' என்னும் தொடருக்குள் குடியிருப்பவர் இவர். ஆனால் ஒலிவாங்கி கைக்கு வந்ததும் கண்கள் பாதி மூடும், வலக்கை வானை நோக்கி எழும், குரல் அடிவயிற்றிலிருந்து புறப்பட்டு, தலைமை தாங்கும் பெரியவர் அவர்களே, முன்னிலை வகிக்கும் முடிதிருத்தக உரிமையாளர் அவர்களே, நாற்காலி தந்துதவிய பந்தல்காரர் அவர்களே, வந்திருப்போரே, வர இயலாதோரே, வரும் வழியில் இருப்போரே என்று ஏரி உடைந்தாற்போல் பெருகும். பேச்சு எப்போது தொடங்கும்? அஃது அவருக்கும் தெரியாது.

இறைவனைப் பாடும் பதிகத்திலேகூடப் பத்துப் பாட்டுக்குள் வேண்டுகோள் வந்துவிடுகிறது. திருவாமாத்தூர்ச் சந்நிதியில் கைகூப்பும் உழவர் 'மழை வேணும் சாமி' என்று மூன்றே சொல்லில் முடித்துக்கொண்டு வயலுக்குத் திரும்புகிறார். நம்மவர்க்கோ கடவுள் வாழ்த்தே காப்பியம்.

திண்டிவனத்தில் பஞ்சர் கடை வைத்திருக்கும் தீனதயாளன் இவ்வினத்தின் மணிமுடி. நகராட்சி வார்டு ஒன்றில் சுயேச்சையாக நின்றார். நல்லவர். மழைவெள்ளம் தெருவுக்குள் புகுந்த அன்று, லாரி டியூபுகளில் காற்றடைத்து, மேலே கதவொன்றைக் கட்டி, நாற்பது வீட்டாரையும் கரை சேர்த்தவர். அன்று அவர் பேசியவை இரண்டே சொற்கள்: 'ஏறும்மா', 'புடிச்சிக்கோ'. அந்த இரண்டு சொற்களுக்காகவே நாற்பது வீடும் வாக்களிக்கக் காத்திருந்தது. வார்டை வெல்ல அதுவே போதும். எந்தப் பொத்தானை அழுத்துவது என்பதுதான் தெரியவில்லை.

பெயரைப் பார்த்து அழுத்தலாமே என்பீர்கள். எதிர்த்தரப்பினர் விவரமானவர்கள். எங்கிருந்தோ வேறு இரண்டு தீனதயாளன்களைத் தேடிப் பிடித்து நிறுத்திவிட்டனர். சரி, துண்டறிக்கை? அதன் முன்பக்கம் முழுதும் வணக்கம், பின்பக்கம் முழுதும் வாழ்த்து. மூலையில் சின்னம் என்று ஒரு கறுப்புக் கறை இருந்தது. இட்லிப் பானை என்றார் சிலர். ஆமை என்றார் சிலர். அவர் வாய் திறந்து சொன்னாலன்றி விடிவில்லை.

பிரசாரத்தின் கடைசி நாள். மாலை ஆறு மணியோடு ஒலிபெருக்கி ஓய வேண்டும். ஐந்தரைக்கு, வெள்ளம் புகுந்த அதே தெருவில் மேடையேறி நின்றார். முதற்கண், என்றார். அந்த முதற்கண் திறந்தபடியே இருக்க, இருபத்தைந்து நிமிடம் ஓடிற்று. கீழே நின்றிருந்த அவர் மனைவி ஜெயம் ஒரு துண்டுச்சீட்டில் 'சின்னத்தைச் சொல்லுங்க, அஞ்சு நிமிஷம்தான் கீது' என்று எழுதி அனுப்பினார். வேட்பாளர் அதைப் பிரித்தாரா? மார்போடு அணைத்துக்கொண்டு, 'சீட்டு அனுப்பிச் சிறப்பித்த என் வாழ்க்கைத் துணைவியார் அவர்களே' என்று அவரையும் பட்டியலில் சேர்த்தார்.

வேர்க்கடலையை மல்லாட்டை என்று கூவி விற்கும் காசியம்மாளுக்குப் பொறுக்கவில்லை. வெள்ளத்தில் அந்தக் கதவின்மேல் முதலில் ஏறியவர் அவர்தாம்.

"இன்னா தீனா, எந்தப் பட்டனுன்னு ஜல்தியா சொல்லு. அடுப்புல ஒல கொதிக்குது."

"சொல்கிறேன் தாயே. அதற்கு முன்..." என்றார் தீனதயாளன். காவலர் கடிகாரத்தைக் காட்டினார். ஒலிபெருக்கி அடங்கியது.

எண்ணிக்கையன்று நாற்பது வீட்டு வாக்கும் மூன்று தீனதயாளன்களுக்குள் சிதறிக் கிடந்தது. கூட்டினால் வெற்றி, தனித்தனியே மூன்று தோல்வி. நம்மவருக்கு வாய்த்தது மூவரிலும் கடைசி இடம். வென்றவர் தெருவுக்கு ஒரே முறை வந்து, தம் பெயரையும் சின்னத்தையும் மும்முறை சொல்லிவிட்டுப் போனவர். அவர் பேச்சில் அழகில்லை என்பது தீனதயாளனின் கருத்து. பாணனை வள்ளலிடம் அனுப்பிவைக்கும் பழைய ஆற்றுப்படையில் எத்தனை அழகு! ஆயினும் வழி சொல்லாத ஆற்றுப்படை ஒன்றேனும் உண்டா?

மறுநாள் தேநீர்க்கடை முனையில் நன்றியறிவிப்புக் கூட்டம். முதற்கண், என்று தொடங்கினார். காசியம்மாள் கூடையைக் கீழே இறக்கி வைத்தார்.

"வணக்கமெல்லாம் கெடக்கட்டும்ப்பா. நான் ஆமைன்னு நெனச்சு எவனுக்கோ குத்திட்டேன், மனசு ஆறல. இப்பயாச்சும் சொல்லு, உன் சின்னம் இன்னாது?"

வலக்கை வானை நோக்கி எழுந்தது. "கேள்வி எழுப்பிய அன்னை காசியம்மாள் அவர்களே..."

அது இஸ்திரிப் பெட்டி என்று ஜெயம்தான் காசியம்மாளின் காதோடு சொன்னாராம்.

சிரிக்கிறீர்கள். நன்று. அடுத்த வீட்டு மாடித்தொட்டி வழிந்து தங்கள் சுவரை நனைக்கிறது என்று சொல்வதற்காகச் சென்ற ஞாயிறன்று படியேறிப் போனீர்களே, நினைவிருக்கிறதா? நலம் விசாரித்தீர்கள், மகள் படிப்பைப் பாராட்டினீர்கள், வெயிலைக் குறை கூறினீர்கள், காப்பி அருந்தினீர்கள், வணங்கி விடைபெற்றீர்கள்.

சுவர் காய்ந்துவிட்டதா, அன்பர் அவர்களே?