நாலாயிரம் வாட் மாப்பிள்ளை

“கேக்கல” என்று மேஸ்திரி கீழேயிருந்து கையை ஆட்டினார். இது மூன்றாவது தடவை.

மைக்கைக் கடித்துத் தின்பவர் போல வாயோடு ஒட்டிப் பிடித்துக்கொண்டு மேடையில் நின்ற மாப்பிள்ளைக்கு எரிச்சல் தலைக்கேறியது. முதலாளியின் இளைய மகளைக் கட்டியவர் என்பதைத் தவிர அந்த நெசவாலையில் அவருக்கு வேறு தகுதி கிடையாது. அதனால் தொழிலாளிகள் வைத்த ‘மாப்பிள்ளை’ என்ற பெயரே பதவியாகவும் ஆகிவிட்டது.

மாமனார் முப்பது வருஷமாகத் தறிகளுக்கு நடுவே நடந்துபோய், ஒவ்வொருவர் முன்னாலும் நின்று, சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டு வருவார். மாப்பிள்ளைக்கு அது கேவலமாகப் பட்டது. நின்ற இடத்திலிருந்து உத்தரவு போடத் தெரியாதவன் என்ன முதலாளி? அதற்காக வந்ததுதான் ஆம்பிளிஃபயரும் எட்டு ஸ்பீக்கரும். பதினோரு மணிக்கு மாமனார் வந்து பார்ப்பார். சரியாக அமைந்தால் புது யூனிட் இவர் கையில். இல்லாவிட்டால் மூத்த மாப்பிள்ளை கையில். அப்புறம் அந்த ஆள் உள்ளே வரும்போதெல்லாம் எழுந்து நின்று காலம் தள்ள வேண்டியதுதான்.

“சத்தத்த முழுசா வைய்யா.”

“முழுசாத்தான் இருக்கு. சிவப்பு லைட்டு எரியுது பாருங்க. மெஷின் திணறுதுன்னு அர்த்தம்” என்றார் எலக்ட்ரீஷியன்.

“எரியட்டும். அப்பதான் பவர் வருதுன்னு தெரியும்.”

“வீடு எரிஞ்சாலும் வெளிச்சம் வரும் சார்.”

மாப்பிள்ளை அதைக் காதில் வாங்கவில்லை. ஆம்பிளிஃபயரின் முதுகில் ஒரு சுவிட்ச் இருந்தது. இரண்டு பக்கத்துச் சக்தியையும் சேர்த்து ஒரே பக்கமாகத் தள்ளும் சுவிட்ச்.

“அதப் போடணும்னா ஸ்பீக்கரக் குறைக்கணும். எட்டையும் ஒண்ணா இழுக்க இதால முடியாது.”

“நாலாயிரம் வாட்டுன்னு சொல்லித்தான் கடைக்காரன் குடுத்தான். எனக்கு நாலாயிரமும் வேணும்.”

நாலாயிரமும் வந்தது, நாலு நிமிஷத்துக்கு. பிறகு ஆம்பிளிஃபயர் சூடு தாங்காமல் தன்னைத்தானே அணைத்துக்கொண்டது. பஞ்சு புகுந்துவிடும் என்று மாப்பிள்ளை அதற்குத் தலையோடு கால் பிளாஸ்டிக் உறை போர்த்தியிருந்தார்.

“மனுஷனுக்கு மூக்கப் பொத்தினாலும் இதேதான் ஆகும்” என்று சொல்லிக்கொண்டே எலக்ட்ரீஷியன் உறையை உருவினார். உடனே உள்ளே இருந்த விசிறி தறிக்கூடத்துப் பஞ்சையெல்லாம் இழுத்ததில், ஆம்பிளிஃபயருக்கு வெள்ளை மீசை முளைத்தது. அதைத் துடைத்து, ஆறவைத்து, மறுபடி ஓட்டியபோது மணி பத்தே முக்கால்.

“கேக்கல.”

மாப்பிள்ளை மைக்கை மேடையில் வைத்துவிட்டு இறங்கி வந்து, மேஸ்திரியின் முகத்துக்கு நேராக நின்றார்.

“என்னய்யா கேக்கல?”

“மைக்குல பேசுனீங்களே, அது கேக்கல சார்.”

“இப்ப நான் பேசுறது கேக்குதா?”

“நல்லாக் கேக்குது.”

“அப்ப உன் காதுல கோளாறு இல்ல. இந்தத் தறிச் சத்தம்தான் கெடுக்குது. எல்லாத்தையும் நிறுத்தச் சொல்லு.”

எலக்ட்ரீஷியன் பதறினார். “முதலாளி வர்ற நேரம் சார். தறி நின்னா அவருக்கு மூச்சே நின்ன மாதிரி.”

“இனிமே நான்தான்யா முதலாளி.”

அறுபது தறியும் நின்றன. அந்த நிசப்தத்துக்குள், “யாரு செத்தது?” என்று கேட்டுக்கொண்டே மாமனார் நுழைந்தார்.

“யாரும் இல்ல மாமா. மேல வாங்க. கேளுங்க.”

மாமனாரை மேடை நாற்காலியில் உட்காரவைத்துவிட்டு மாப்பிள்ளை மைக்கை எடுத்தார். “தொழிலாளர்களுக்கு ஓர் அறிவிப்பு.”

கூரைத் தகரம் அதிர்ந்தது. முப்பது வருஷத்துப் பஞ்சு மழையாகக் கொட்டியது. ஜன்னல் கண்ணாடி ஒன்று குறுக்கே விரிசல் விட்டது. கடைசித் தூணில் இருந்த ஸ்பீக்கர் புகைந்தது. மாமனார் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு நாற்காலியில் சரிந்தார்.

அறுபது பேரும் அவரவர் தறி முன்னால் நின்று மேடையையே பார்த்தார்கள். ஒரு முகத்திலும் அசைவில்லை.

“கேக்கல” என்றார் மேஸ்திரி.

“என்ன மாப்பிள்ளை இது, எனக்கு மூளையே குலுங்கிப்போச்சு. இவங்களுக்கு எப்படிக் கேக்காம இருக்கும்?”

மாப்பிள்ளை மைக்கைக் கீழே இறக்கினார். கூட்டத்தின் மேல் வைத்த கண்ணை எடுக்காமல் மாமனாரின் காதோரம் குனிந்து, பக்கத்தில் நின்ற எலக்ட்ரீஷியனுக்குக்கூட எட்டாத குரலில் சொன்னார்: “கொழுப்பு மாமா. என்னை மட்டம் தட்டணும்னே கூடிப் பேசி வச்சிருக்காங்க. அறுபது பேரையும் இன்னைக்கே வேலைய விட்டுத் தூக்குறேன், பாருங்க.”

அறுபது முகமும் ஒரே நேரத்தில் மாறின. சிலர் தறியை விட்டு விலகி முன்னால் வந்தார்கள்.

“இது கேட்டுச்சு சார்” என்றார் மேஸ்திரி.

மாப்பிள்ளை சட்டென்று நிமிர்ந்தார். சமாளித்தாக வேண்டும் என்று மைக்கை மறுபடி வாயோடு ஒட்டினார். வெளி வராந்தா கூட்டும் அம்மாள், தலையில் விழுந்த பஞ்சைத் தட்டிவிட்டுக்கொண்டே வாசலில் நின்று சொன்னாள்:

“இந்தத் தறிச் சத்தத்துல இவங்களுக்கெல்லாம் காது செத்துப் பல வருஷமாச்சு சார், வாயசையறதப் பாத்துத்தான் கேக்குறாங்க, அந்த மைக்க வாய்க்கு முன்னாலேருந்து கொஞ்சம் எடுங்க.”