அடுப்பு பற்றவைக்காத பலகாரமும் உங்களுக்குக் கிடைக்காத முன்னறையும்

பெருமதிப்புக்குரிய மைத்துனர் அவர்களின் சமூகத்துக்கு,

உங்கள் தங்கையைக் கட்டியவன் மரியாதையுடன் எழுதிக்கொள்வது. இங்கே வெயிலைத் தவிர வேறு எதுவும் எங்களைத் தொந்தரவு செய்யவில்லை. அங்கே தாங்களும், அக்காவும், தங்கள் பேக்கரியின் இரண்டு பெரிய அடுப்புகளும் ஆரோக்கியமாக இருப்பதாக எண்ணி மகிழ்கிறேன்.

இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் நான் ஒரு வாக்கியத்தைத் தொடங்கினால் அதை நீங்கள் முடித்துவிட்டு உங்களுடையதைத் தொடங்கிவிடுவீர்கள். இருபத்தாறு வருஷமாகப் பார்க்கிறேன். காகிதம்தான் நடுவில் புகுந்து பேசாது. ஆகவே கடையில் ஈ கூட வராத இந்த மத்தியான நேரத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன். மூட்டையைப் பிரிக்காமல் சரக்கைப் பற்றிப் பேசும் பழக்கம் எனக்கு இல்லை என்பதால் விஷயத்தை முதலிலேயே கொட்டிவிடுகிறேன். முன்னறை கிடையாது.

இந்த மாதத் தொடக்கத்தில் உங்கள் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது நடந்ததை நீங்கள் மறந்திருக்கலாம், ஜெயித்தவர்கள் போல் பேசுபவர்களுக்கு மறதி அதிகம், ஆனால் நான் மறக்கவில்லை. அதற்கு இரண்டு நாள் முன்னால்தான் உங்கள் தங்கை, என் மளிகைக் கடையின் முன்னறையில் பதினோரு வருஷமாக அவள் நடத்திவரும் டீ பலகாரக் கடையில், எண்ணெய்ச் சட்டிக்கு முன்னால் நின்றபடியே தலை சுற்றி, அரிசி மூட்டைமேல் சாய்ந்துவிட்டாள். டாக்டர் இந்த வெயில் முடியும்வரை அடுப்புப் பக்கமே போகக்கூடாது என்று சொல்லியிருந்தார். நீங்கள் குழம்பை ஊற்றிக்கொண்டே அவளிடம், "உனக்கு எதுக்கும்மா இந்தத் தலைவலி. முன்னறையை எங்கிட்ட விட்டுடு, நம்ம பேக்கரிக்கு ஒரு கிளை போட்டுடறேன். நீ பாட்டுக்கு ஃபேனுக்கு அடியில உக்காந்து கல்லாவைப் பாரு" என்றீர்கள். அவள், "யாரோட கல்லாவை, அண்ணே?" என்று கேட்டாள். நீங்கள், "நம்ம கல்லாதான்" என்றீர்கள். அவள் கரண்டியைக் கீழே வைத்தாள். அவள் கரண்டியைக் கீழே வைத்தால் என்ன அர்த்தம் என்பது கூடப் பிறந்த உங்களுக்குத் தெரியவில்லை, எனக்குத் தெரியும், நான் உடனே தண்ணீர் குடித்தேன்.

"அடுப்பு பத்த வைக்காமலே என் கடையை நடத்திக் காட்டறேன்" என்றாள். நீங்கள் சிரித்த சிரிப்பில் உங்களுக்குப் புரையேறி அக்கா வந்து தலையில் தட்ட வேண்டியதாயிற்று. "நெருப்பைக் காட்டாம பலகாரமா? மாப்பிள்ளை குடோன்லேருந்து பச்சை வேர்க்கடலையை அள்ளித் தட்டுல வச்சு விப்பியா?" என்று கேட்டுவிட்டு, கூடவே ஒரு நிபந்தனையும் வைத்தீர்கள்: "நாலு பேர் நின்னு திங்கிறது வியாபாரம் இல்லம்மா. ஒரு இடத்துலேருந்து மொத்த ஆர்டர் வாங்கி, குறையில்லாம கொண்டுபோய்ச் சேர்த்துக் காட்டு. மாசக் கடைசிக்குள்ள. இல்லேன்னா சாவியை எங்கிட்ட கொடுத்துடணும்." அவளும் சரி என்றுவிட்டாள். நீங்கள் என் முகத்தைப் பார்த்தீர்கள். வாய் நிறையச் சோறு இருந்ததால் நான் பதில் சொல்லவில்லை. இந்தக் கடிதம்தான் அந்தப் பதில்.

இப்போது என் பக்கத்துக் கதையைக் கேளுங்கள். குளிர் நாட்களில் பீநட் பட்டர் டப்பாக்களை பாதி லாரி அளவுக்கு வாங்கிப் போட்டிருந்தேன். அப்போது திறந்து பார்த்தால் கெட்டியாக, பழுப்பாக, கரண்டி நட்டால் நிற்கும். எனக்கு இருந்த பெருமையைச் சொல்லி முடியாது. வெயில் வந்ததும் எண்ணெய் தனியாகப் பிரிந்து மேலே மிதக்க ஆரம்பித்தது. வாங்கிப்போன ஒவ்வொருவரும் திரும்பி வந்தார்கள். ஓர் அம்மா டப்பாவைத் திறந்து என் மூக்குக்கு நேரே பிடித்து, "இதை ரொட்டியில தடவறதா, கதவுக் கீலுக்கு விடறதா?" என்று கேட்டார். கெட்டுப்போகவில்லை, கிளறினால் சேர்ந்துவிடும் என்று சொன்னால் யார் கேட்கிறார்கள். சரி, டப்பாக்களைத் தலைகீழாக வைத்தால் மேலே இருக்கும் எண்ணெய் மெல்ல ஊடுருவித் தானே கலந்துவிடும் என்று யோசனை வந்தது. நம் மூட்டை தூக்குபவரைக் கூப்பிட்டேன். உங்களுக்கு அவரைத் தெரியும், எதைச் சொன்னாலும் ஒரு நிமிஷம் யோசித்துவிட்டுத்தான் எழுந்திருப்பார், அதனால் மார்க்கெட் முழுக்க அவருக்கு நிதானம் என்றே பெயர். நிதானம் இரண்டு நாள் எடுத்துக்கொண்டு அத்தனை டப்பாக்களையும் கவிழ்த்து அடுக்கினார். கடைக்கு வந்தவர்கள் அலமாரியைப் பார்த்து, கழுத்தைச் சாய்த்து, பிறகு என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்கள். நானும் ஒரு நாள் கழுத்தைச் சாய்த்துப் பார்த்தேன். மச்சான், முப்பது வருஷமாக டப்பா விற்கிறேன், டப்பாவில் என்ன எழுதியிருக்கிறது என்று அன்றைக்குத்தான் முதல்முறையாகப் படித்தேன். தலைகீழாக இருந்ததால்தான் கண்ணில் பட்டது. பீநட் பட்டர் உருண்டை, பன்னிரண்டு செய்வதற்கான அளவு, நெருப்பு தேவையில்லை.

நெருப்பு தேவையில்லை என்ற அந்த இரண்டு வார்த்தையைப் பார்த்ததும் டப்பாவைத் தூக்கிக்கொண்டு முன்னறைக்கு ஓடினேன். உங்கள் தங்கை படித்துவிட்டு, "சரி, ஒரு கப் ஓட்ஸ் கொண்டாங்க" என்றாள். இங்கேதான் என் தொழில் என்னைக் கவிழ்த்தது. ஒரு கப் என்றால் எந்தக் கப்? நான் மொத்த வியாபாரி. எனக்கு மூட்டை தெரியும், அரை மூட்டை தெரியும், அதற்குக் கீழே கடவுள் எதையும் படைத்ததாக எனக்கு நினைவில்லை. "பன்னிரண்டு உருண்டைக்கு எவனாவது ஒரு மூட்டையைப் பிரிப்பானா?" என்று கேட்டு, கணக்கைப் பெருக்கி, ஓட்ஸ் ஒரு மூட்டை, தேன் ஒரு டின், பீநட் பட்டர் ஒரு பெட்டி என்று நீல டிரம்மில் கொட்டி, நிதானத்தின் கையில் துடுப்பைக் கொடுத்துவிட்டேன். அவள், "என்னங்க, முதல்ல கொஞ்சமா செஞ்சு பாக்கலாமே" என்று சொன்னது என் காதில் விழுந்தது, ஆனால் விழுந்ததோடு சரி. அதில் முதலில் இருநூறு உருண்டை பிடித்துக் கண்ணாடிப் பெட்டியில் அடுக்கி, முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து பார்த்தால் இருநூறும் ஒன்றோடொன்று உருகிச் சேர்ந்து ஒரே உருண்டையாகி உட்கார்ந்திருந்தது. நம் குடும்பத்தில்கூட அப்படியொரு ஒற்றுமையை நான் பார்த்ததில்லை.

மறுநாள் அதையே மறுபடி உருட்டி ஃப்ரீசரில் வைத்தேன். அது வேறு மாதிரி ஆயிற்று. நிதானம் ஒன்றை வாயில் போட்டு, வழக்கமான ஒரு நிமிஷத்துக்கு மேலேயே அசையாமல் நின்றார். "எப்படி இருக்கு?" என்றேன். கன்னத்தைப் பிடித்துக்கொண்டு, "ருசி நல்லா இருக்கு முதலாளி. ஒவ்வொண்ணுக்கும் ஒரு சுத்தியல் சேர்த்துக் குடுத்துடுங்க" என்றார். அவர் அப்படிப் பேசி நான் கேட்டதே இல்லை. வலி மனிதனைப் பேச்சாளனாக்குகிறது.

அதற்குப் பிறகு உங்கள் தங்கை என்னை ஸ்டூலில் உட்காரவைத்துவிட்டாள். தேனைக் குறைத்தாள். விதை எடுத்த பேரீச்சம்பழத்தை அரைத்துப் பீநட் பட்டரோடு பிசைந்து, பால் பவுடரும் நொறுக்கிய பிஸ்கட்டும் சேர்த்தாள். "இதை உருட்டக்கூடாது, தட்டுல பரப்பி நல்லா அழுத்தணும். அழுத்தமா இருந்தாத்தான் வெயில்ல நிக்கும். ஆனா என் கையில அவ்வளவு பலம் இல்லை" என்றாள். அங்கேதான் நான் எழுந்தேன். தராசிலிருந்து ஐந்து கிலோ எடைக்கல்லை எடுத்து, தேய்த்துக் கழுவி, வெண்ணெய்க் காகிதத்தில் சுற்றி, தட்டின் மேல் இந்த மூலையிலிருந்து அந்த மூலைவரை இழுத்தேன். பலகை மாதிரி படிந்தது. இரண்டு மணி நேரம் ஃப்ரிட்ஜில் வைத்து எடுத்து, கத்தியில் ஒட்டியதால், மூட்டை தைக்கும் புது நூலைப் பிரித்து, இரண்டு பக்கமும் பிடித்து அழுத்தி வெட்டினேன். நூல் போன இடம் கண்ணாடி மாதிரி இருந்தது. நடுவில் இறுகியிருக்கிறதா என்று பார்க்க, மூட்டைக்குள் குத்தி அரிசி எடுத்துப் பார்ப்போமே, அந்தக் குத்தூசியையே கொதிநீரில் போட்டு எடுத்துக் குத்திப் பார்த்தேன். இதையெல்லாம் எந்த பேக்கரி மாஸ்டர் உங்களுக்குச் சொல்லித் தந்திருப்பார்? மேலே ஊற்றும் சாக்லேட்டை உருக்கத்தான் அடுப்பு வேண்டியிருக்குமோ என்று அவள் கவலைப்பட்டாள். ஒரு மூடிபோட்ட எவர்சில்வர் கிண்ணத்தில் அதைப் போட்டு என் ஸ்கூட்டர் சீட்டில் பத்து நிமிஷம் வைத்தேன். நம்மை வாட்டுகிற வெயில் ஒரு வேலையாவது செய்யட்டுமே. வாழைப்பழத்தைக் குச்சியில் குத்தி, பீநட் பட்டரில் முக்கி, ஃப்ரீசரில் உறையவைத்தது மட்டும் முழுக்க முழுக்க அவளுடைய யோசனை. அதற்கு நான் பங்கு கேட்கவில்லை.

பெட்டிமேல் அவள் கையாலேயே பெரிதாக ஓர் அட்டை எழுதி வைத்தாள்: இதில் வேர்க்கடலை இருக்கிறது, ஒத்துக்கொள்ளாதவர்கள் தொட வேண்டாம். வாங்க வருபவர்களைப் பயமுறுத்துகிறாயே என்றேன். "உள்ளே என்ன இருக்குன்னு சொல்லாம விக்கிறதுக்கு எனக்குத் தெரியாதுங்க" என்றாள். அந்த அட்டையைப் பார்த்துத்தான் பாதிப் பேர் நின்றார்கள். முதல் நாள் தையல் கடைப் பெண்கள், இரண்டாம் நாள் பஸ் டிரைவர்கள், மூன்றாம் நாள் கோர்ட்டுக் குமாஸ்தாக்கள். உங்கள் அடுப்பு மாஸ்டர்கூட வந்து ஓர் ஓரமாக நின்று மூன்று துண்டு சாப்பிட்டுவிட்டு, "ஐயாகிட்ட சொல்லிடாதீங்க" என்றார். நான் சொல்லவில்லை, எழுதுகிறேன்.

நேற்று முன்தினம் பள்ளிக்கூடத்து விளையாட்டு வாத்தியார் குளிர்ந்த தண்ணீர் கேட்டு வந்தார். பிள்ளைகளை மைதானத்தில் ஓடவைத்துத் தானும் காய்ந்துபோயிருந்தார். நின்ற நிலையிலேயே நாலு துண்டு தின்றுவிட்டு, "எந்த பேக்கரியிலேருந்து வாங்கறீங்கம்மா?" என்று கேட்டார். உங்கள் தங்கை முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு, "எந்த பேக்கரியும் இல்லை சார். இங்கே அடுப்பே கிடையாது" என்றாள். மச்சான், அந்த ஒரு வாக்கியத்தைச் சொன்னபோது அவள் முகம் இருந்த இருப்பை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். பதினோரு வருஷமாக எண்ணெய்ப் புகைக்குள் பார்த்த முகம் அது, எனக்கே யாரோ போல் இருந்தது. வாத்தியார் அங்கேயே நானூறு துண்டுக்கு ஆர்டர் கொடுத்துவிட்டார். நாளைக் காலை அவர்களுடைய விளையாட்டுப் போட்டி. வேர்க்கடலை ஒத்துக்கொள்ளாத ஏழு பிள்ளைகளின் பட்டியலும் வந்துவிட்டது, அவர்களுக்குத் தனியாகப் பழம் போகிறது. நாளைதான் மாதக் கடைசி என்பதைத் தங்களுக்கு ஞாபகப்படுத்துகிறேன். நானூறும் இந்த நிமிஷம் அழுத்தி, வெட்டி, சாக்லேட் பூசி, ஃப்ரிட்ஜில் வரிசையாக இருக்கின்றன. இனி கொண்டுபோய்க் கொடுப்பது மட்டும்தான் பாக்கி.

ஆகவே மச்சான், கிளைக்காக நீங்கள் அடிக்கச் சொன்ன பெயர்ப்பலகையை வேறு எங்காவது மாட்டிக்கொள்ளுங்கள். அளவெடுக்க ஆள் அனுப்ப வேண்டாம். நெருப்பைக் காட்டாமல் பலகாரம் வரும், ஆர்டரும் வரும், தங்கள் பேக்கரியின் தயவு எங்களுக்கு இந்தப் பிறவியில் தேவைப்படாது என்பதை மகிழ்ச்சியுடன் தெரிவித்துக்கொள்கிறேன். அக்காவுக்கு என் வணக்கம். பிள்ளைகளுக்கு என் ஆசிகள். அடுப்பு மாஸ்டரைத் திட்ட வேண்டாம், நாக்கு இருக்கிற மனிதன். தாங்கள் நீண்ட ஆயுளோடும், கொஞ்சம் அடக்கத்தோடும் வாழ வேண்டும் என்று விரும்பும்,

தங்கள் அன்புள்ள,
தங்கையின் கணவன்

பி.கு.: கையெழுத்துப் போட்டு உறையைத் தேடும்போது வெளியே பட்டென்று ஒரு சத்தம். தெருக்கோடி டிரான்ஸ்ஃபார்மர் வெடித்துவிட்டது. கம்பத்தில் ஏறிய மின்சாரக்காரர் மேலேயே உட்கார்ந்தபடி, "நாளைக்கு மத்தியானம் ஆயிடும்" என்கிறார். வெயில் நூற்றுச் சொச்சம். நானூறும் ஃப்ரிட்ஜுக்குள் வியர்க்க ஆரம்பித்துவிட்டன. உங்களுக்கு நாலு தடவை போன் செய்தேன், எடுக்கவில்லை. தங்கள் பேக்கரியில் ஜெனரேட்டரும், கேக் வைக்கிற குளிர் அறையும் இருப்பதை உங்கள் தங்கைதான் எடுத்துச் சொன்னாள். "அவர்கிட்டேயா? அவர் ஜெயிக்கிறதுக்கு நாமே வண்டி பிடிச்சுப் போறதா?" என்றேன். "அடுப்பு பத்த வைக்கக்கூடாதுன்னுதான் பந்தயம். ஐஸ் அறையைத் தொடக்கூடாதுன்னு யாரும் சொல்லலை. அண்ணன் வாய்தான் பெருசு, கதவைச் சாத்த மாட்டார்" என்று சொல்லிவிட்டுத் தட்டுகளை வேனில் ஏற்ற ஆரம்பித்துவிட்டாள். வேறு கடிதம் எழுத நேரமில்லாததால் இதையே நிதானத்திடம் கொடுத்து ஸ்கூட்டரில் முன்னால் அனுப்புகிறேன். கூடுமானால் பின்குறிப்பை மட்டும் படியுங்கள். பிறவி பற்றி எழுதிய வரியைக் கண்டிப்பாகப் படிக்க வேண்டாம். மேலே உள்ளதைப் படித்தே தீருவேன் என்றால், உங்கள் தங்கை வேனில் மடியில் ஒரு தட்டை வைத்துக்கொண்டு சொல்லியனுப்பியதையும் சேர்த்துப் படியுங்கள்: "எல்லாத் தட்டையும் உள்ளே வச்சு, கதவை நல்லா மூடிட்டு, அப்புறமா திட்டச் சொல்லுங்க. குளிர் வெளியே போயிடப் போகுது."