இண்டர்கூலருக்கு அடித்த தண்ணீர்

சும்மா ஓடுகிற இயந்திரத்தில் கை வைக்காமல் இருப்பதும் ஒரு படிப்புத்தான். எனக்கு அந்தப் படிப்பு மட்டும் ஏறவே இல்லை.

யுத்த காலம். கண்டியில் மருந்துக் கம்பனி ஒன்றின் விற்பனைப் பிரதிநிதியாக இருந்தேன். என்னிடம் மூன்று பேர் ஓட்டி அலுத்துப்போன ஒரு ஜப்பான் டர்போ கார் இருந்தது. டர்போ, எஞ்சினுக்குள் காற்றை அமுக்கித் திணிக்கும். அமுக்கினால் காற்று சூடாகும். அதை ஆற்றுவதற்கு எஞ்சினுக்கு மேலே இண்டர்கூலர் என்று ஒரு தகரப் பெட்டி. அதுவே சூடேறிவிட்டால் கார் மூச்சு வாங்கும். ஹந்தானை மலை ஏற்றத்தில் தேயிலைக் கொழுந்துக் கூடையோடு போகிற பெண்கள் என்னை முந்திக்கொண்டு போனார்கள். (திரும்பிப் பார்த்துச் சிரிக்கவும் செய்தார்கள்.)

இந்தக் காரில்தான் நான் சுகந்தியின் அப்பாவை நாவலப்பிட்டிக்கு ஏற்றிப் போகவேண்டி வந்தது. சுகந்தியும் நானும் ஒருவரை ஒருவர் விரும்பினோம். அவளுடைய அப்பா யாழ்ப்பாணத்துக்காரர், சுத்த சைவம், கண்டிக் கச்சேரியில், அதாவது அரசாங்க அலுவலகத்தில், நாற்பது வருடம் வேலை பார்த்துப் பிரதம லிகிதராக, தலைமை எழுத்தராக, ஓய்வு பெற்றவர். நானோ தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் பிறந்தவன். "நாவலப்பிட்டியில என்ர அண்ணை இருக்கிறார். அவர் ஓம் எண்டா எனக்கும் ஓம்" என்று சொல்லிவிட்டார். என் முழு வாழ்க்கையும் அந்த ஒரு பயணத்தில் தொங்கியது. வழியில் கார் நின்றால் மானம் போய்விடும்.

ஆகவே மூளையைப் பாவித்தேன். பழைய காரொன்றின் கண்ணாடி கழுவும் மோட்டார், ஆஸ்பத்திரிகளில் சுற்றியதில் கிடைத்த சேலைன் குழாய், தண்ணீருக்கு ஒரு எண்ணெய்க் கலன், அழுத்துவதற்கு வீட்டு அழைப்புமணியின் சிவப்புப் பொத்தான். பொத்தானை அழுத்தினால் இண்டர்கூலர் மேல் பூமாரி பொழியும். கராஜ்கார நானா பார்த்துவிட்டு, "தம்பி, இது காரா, பூந்தோட்டமா?" என்று கேட்டார். மேதைகளை யாருக்குத்தான் விளங்குகிறது!

ஐஸ் தண்ணீர் என்றால் இன்னும் விசேஷம் என்று தோன்றியது. அன்று காலை பார்த்து மின்வெட்டு. ஐஸ் இருந்த ஒரே இடம் மார்க்கெட் மீன்கடை. ஐஸ் ஐஸ்தானே என்று பாரை மீனுக்கு அடியிலிருந்து இரண்டு கட்டியை வாங்கிக் கலனுக்குள் போட்டேன். (என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.)

சுகந்தியின் அப்பா குளித்து, பட்டை பட்டையாகத் திருநீறு பூசி, பால் போன்ற வேட்டியில் முன்சீட்டில் ஏறினார். பேராதனை தாண்டி முதல் தடவை பொத்தானை அழுத்தினேன். கார் குதிரைபோலப் பாய்ந்தது. கூடவே உள்ளே ஒரு வாடை.

"தம்பி, மீன் மணக்குதே?"

"மகாவலி ஆத்துப் பக்கம்ங்க ஐயா. காத்துல வருது."

அவர் மூக்கில் கைலேஞ்சியை வைத்துக்கொண்டார். நான் கண்ணாடியை ஏற்றிவிட்டேன்.

கம்பளைக்கு முன்னால் சோதனைச் சாவடி. அடையாள அட்டையில் தமிழ்ப் பெயர்களைப் பார்த்ததும் இருவரையும் இறங்கச் சொன்னார்கள். சிப்பாய் ஒருவன் பொனட்டைத் திறந்தான். உள்ளே கலன், கலனிலிருந்து வயர், வயர் போய் முடிகிற என் சீட்டருகே சிவப்புப் பொத்தான். அவன் பின்பக்கமாகவே நடந்து மணல் மூட்டைக்கு அப்பால் போய்விட்டான். மற்றவர்களும் போனார்கள். துவக்குக் குழல்கள் மட்டும் எங்களைப் பார்த்தன.

கண்டியில் வளர்ந்த எனக்குச் சிங்களம் தண்ணீர்பட்ட பாடு. அன்று தொண்டையிலிருந்து வந்தது ஒரே சொல். "வத்துர, மஹத்தயா." தண்ணீர் ஐயா. எஞ்சினுக்கு எவனாவது தண்ணீர் தெளிப்பானா என்று அதிகாரி கேட்டார். நியாயமான கேள்வி.

பிறகு சுகந்தியின் அப்பாவைப் பார்த்து, இவன் உனக்கு யார் என்றார். தெரியாது, வாடகைக் கார்க்காரன் என்று அவர் சொல்லியிருக்கலாம். யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவர் நிமிர்ந்து நின்று, திருத்தமான கச்சேரிச் சிங்களத்தில், "இவர் என் மருமகன்" என்றார். எனக்காக அப்படி ஒரு பொய்யை யாருமே சொன்னதில்லை. கண் கலங்கிவிட்டது.

அதிகாரி அதைப் பதிவேட்டில் எழுதினார். எழுதிவிட்டு, "அப்படியானால் மருமகன் பொத்தானை அழுத்தட்டும். மாமனார் பக்கத்தில் நின்று பார்க்கட்டும்" என்றார்.

ஐயா பொனட்டுக்கு முன்னால் போய் நின்றார். நான் முருகனை நினைத்து அழுத்தினேன். சூட்டில் இளகியிருந்த குழாய் கழன்று, படமெடுத்து எழுந்து, முழுக் கலனையும் அவர் மேல் கொட்டியது. திருநீறு கரைந்தது. சட்டைப் பையில் இரண்டு செதிள் ஒட்டிக்கொண்டன. எங்கும் பாரை வாடை. சாவடி நாய் எழுந்து வந்து அவருடைய வேட்டியை ஆசையோடு நக்கியது. மூட்டைக்குப் பின்னால் முதலில் ஒருவன் சிரித்தான், பிறகு எல்லாரும். அதிகாரி தொப்பியால் முகத்தை மூடிக்கொண்டு, போ என்று கை காட்டினார்.

"வீட்ட திருப்பும்" என்றார் ஐயா. முடிந்தது கதை என்று நினைத்தேன்.

வீட்டில் அவர் மூன்று முறை குளித்தார். நான் வாசலில் நின்றேன். சுகந்தி உள்ளே அழுதாள். கடைசியில் ஈரத் தலையோடு வந்து கதிரையில் உட்கார்ந்தார்.

"பிள்ளை, இவருக்குத் தேத்தண்ணி குடு."

"அப்பா?"

"மருமகன் எண்டு பதிவேட்டில எழுதிப்போட்டாங்கள். நாப்பது வருசத்தில அரசாங்கத்துக்கு நான் பிழையான விவரம் குடுத்ததில்லை. இனியும் குடுக்க ஏலாது. அண்ணைக்குக் கடிதம் போடுறன்."

தை மாதம் கல்யாணம். இன்றும் வீட்டுக்கு வருகிறவர்கள், உங்களுடையது காதல் கல்யாணமா, பேசிச் செய்ததா என்று கேட்பார்கள். நான் வாயைத் திறக்குமுன் சுகந்தி முந்திக்கொள்வாள்: "ரெண்டும் இல்லை. அப்பா ஆமிக்காரனுக்குச் சொன்ன பொய்யை உண்மையாக்கச் செய்தது."