ஆவி பிடிக்கிறவர்

கனடாவில், மொன்றியல் தமிழரிடையே புதிதாக ஓர் இனம் தோன்றியிருக்கிறது. குளிர்காலத்தில் பால்கனிகளில் தென்படும். தடித்த ஜாக்கெட்டும் காதை மூடிய தொப்பியும் போட்டுக்கொண்டு, ஒரு கையில் சின்னக் குறடும் மறு கையில் மெல்லிய கம்பியுமாக, மூக்கு நுனி சிவக்க நிற்கும். நான் அதற்கு வைத்திருக்கும் பெயர் சுருள்காரர். கேட்டால் சிகரெட்டை விட்டுவிட்டேன் என்பார். அது உண்மைதான். சிகரெட்டைத் தவிர வேறொன்றையும் அவர் விடவில்லை.

இவ்வளவு விவரம் எனக்கு எப்படித் தெரியும் என்கிறீர்களா? லாசால் பகுதியில் மூன்றாம் மாடிப் பால்கனியில் நிற்பவர் நான்தான்.

சுருள்காரர் பிறப்பது எப்போதும் ஒரு நல்ல காரியத்தில். என் விஷயத்தில் அது மகள் ஜெயனி. ஆறு வயது. குளிர் தொடங்கினால் நெஞ்சு இழுக்கும். டொக்டர் அவள் நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டுவிட்டு, என் பக்கம் திரும்பி, வீட்டில் யார் புகைப்பது என்று கேட்டார். அன்றைக்கே பிள்ளையின் தலையில் கை வைத்து, அடுத்த பனி விழுமுன் அடியோடு நிறுத்துவேன் என்று சத்தியம் செய்தேன். சிகரெட்டிலிருந்து இறங்கிப் போக ஒரு படியாகத்தான் மின்புகைக் கருவியை வாங்கினேன். வாங்கியவன் படியிலேயே குடியேறிவிட்டேன்.

சாதாரண மனிதர்கள் கடையில் ஆயத்தமாக விற்கும் சுருளை மாட்டி இழுத்துவிட்டுப் போவார்கள். சுருள்காரருக்கு அது மானக்கேடு. அவர் வைத்திருப்பது தானே கம்பி சுற்றிக் கட்டும் அட்டமைசர். விரல்நுனி அளவில் ஓர் உலோகக் கிண்ணம், அதற்குள் கம்பிச் சுருள், சுருளுக்குள் பஞ்சு, பஞ்சில் நிக்கொட்டின் திரவம். பட்டனை அழுத்தினால் சுருள் சுடும், திரவம் ஆவியாகும். பஞ்சு கருகாதபடி சூட்டை இருநூற்றுப் பத்துப் பாகையில் நிறுத்திவைக்க ஒரு சின்ன மூளையும் கருவிக்குள் உண்டு. எங்கள் இருவரில் மூளை இருந்தது அதற்கு மட்டும்தான்.

இனித்தான் பெருங்கேள்வி. அட்டமைசரில் போடுவது ஒரு சுருளா, இரண்டா? ஒன்று போட்டால் திரவம் மிச்சம், பற்றரி மிச்சம், சூட்டுக் கணக்கும் சுலபம். இரண்டு போட்டால் ஆவி தாராளம், ஆனால் இரண்டும் அச்சொட்டாக ஒரே மாதிரி இல்லாவிட்டால் ஒன்று முந்திச் சுட, மற்றது முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்க, எதை நம்புவது என்று தெரியாமல் கருவி முழிக்கும். பியர்பொன்ட்ஸில் சொந்த வீடும், பேஸ்மென்டில் இதற்கென்றே ஒரு மேசையும் வைத்திருக்கும் என் நண்பன் றெக்ஸ் கத்தோலிக்கன், இரட்டைக் கட்சி.

"பீடத்தில மெழுகுதிரி ரெண்டெல்லோ அண்ணை," என்பான். "ஒண்டை மட்டும் ஏத்திப்போட்டு ஆராவது பூசை வைக்கிறாங்களோ?"

நான் சைவம், ஒற்றைக் கட்சி. கம்பியின் சுற்றுக்களைக்கூட ஏழு, ஒன்பது என்று ஒற்றைப்படையில்தான் முடிப்பேன். தவறி எட்டு விழுந்தால் முழுவதையும் அவிழ்த்துவிடுவேன். நல்ல காரியத்துக்கு ஒற்றைப்படை அல்லவா? ஆறு மாதம் நாங்கள் இதைக் கதைத்தோம். நிறுத்துவதைப் பற்றி ஒருநாளும் கதைக்கவில்லை.

வீட்டில் இதற்கு ஒரு பெயர் வேண்டியிருந்தது. புகை என்றால் சத்தியம் உடைந்துவிடும். ஒருநாள் ஜெயனி என்ன செய்கிறீர்கள் என்று கேட்டபோது, ஆவி பிடிக்கிறேன் என்றேன். தடிமன் வந்தால் கொதிநீரில் தைலம் விட்டு, துவாயால் தலையை மூடிக்கொண்டு பிடிப்போமே, அந்த ஆவிதான் அவளுக்குத் தெரியும். கெட்டிக்காரத்தனமாகச் சொல்லிவிட்டேன் என்று எனக்குள் பெருமை வேறு.

என் மனைவி சிவாஜினி மட்டும் கறியைக் கிண்டியபடி கேட்டாள்: "இவ்வளவு ஆவி பிடிச்சும் இந்த மனுசனுக்குத் தடிமன் எப்பதான் மாறுமாம்?"

பனி விழுந்தது. கார்த்திகையிலேயே விழுந்த பனி கணக்கில் சேராது என்று விளக்கம் சொன்னேன். சிவாஜினி விளக்கத்தையும் என்னையும் கருவியையும் சேர்த்துப் பால்கனிக்கு அனுப்பினாள்.

அங்கேதான் இந்த ஊர்க்காரன் மட்டுமே செய்யக்கூடிய பிழையைச் செய்தேன். புதுச் சுருள் போட்டதும், அது சுடுமுன் கருவி ஓர் அளவு எடுக்கும். அதிலிருந்துதான் சூட்டைக் கணக்கிடும். அறைச் சூட்டில் எடுக்கவேண்டிய அந்த அளவைச் சைபருக்குக் கீழே இருபதில் எடுத்தேன். கணக்குப் பிசகி, சூடு ஏறுமுன்னமே கருவி நிறுத்திக்கொள்ள, ஆவி நூலாக வந்தது. புத்தியுள்ளவன் என்ன செய்வான்? வீட்டுக்குள் வந்து அளவெடுப்பான். நான் ஒரு சுருள் காணாது, போதவே போதாது என்று முடிவு கட்டினேன். றெக்ஸுக்குப் போன் செய்து தோல்வியை ஒப்புக்கொண்டேன். அவன் சந்தோசத்தில் இரட்டைச் சுருள் அட்டமைசர் ஒன்றைப் பரிசாகவே கொண்டுவந்து தந்தான்.

தை மாதம், ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். இரண்டாவது சுருளின் ஏழாவது சுற்றில் நிற்கிறேன். பால்கனிக் கதவு திறந்தது. ஜெயனி. இரண்டு நாளாகத் தடிமன். மூச்சு விசிலடிப்பது எனக்கே கேட்டது. தலையில் துவாயைப் போட்டு, இரண்டு கையாலும் அதை நாடியடியில் பிடித்திருந்தாள்.

"அப்பா, எனக்கும் ஆவி பிடிக்கத் தாங்கோ," என்றாள். என் கையிலிருந்த கம்பிகளைப் பார்த்தாள். "ரெண்டு வேண்டாம். எனக்கு ஒண்டு காணும்."

எனக்கு வெட்கமாக இருந்தது. வேறு எந்தச் சொல்லும் அதற்குப் பொருந்தாது. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனேன். அவளுடைய மூச்சுமருந்தைக் கொடுத்து மடியில் வைத்திருந்தேன். விசில் அடங்க அரைமணி நேரம் பிடித்தது. சிவாஜினி பக்கத்தில் இருந்து பிள்ளையின் முதுகைத் தடவினாள்.

கருவியைப் பனிக்குள் வீசினேன் என்று எழுத ஆசைதான். எழுதினால் சிவாஜினி வாசிப்பாள். றெக்ஸிடம் கொடுத்துவிட்டேன். அவன் பத்திரமாக வைத்திருக்கிறானாம், அதுதான் பயம். விட்டு இன்றைக்குப் பதினோராம் நாள். ஒற்றைப்படை.

உங்களிடம் கம்பியுமில்லை குறடுமில்லை என்று சிரிக்கிறீர்கள். இருக்கட்டும். ஆனால் விடுகிறேன் என்று யாருக்கோ சொன்ன ஒன்றை இன்னும் திறமாகச் செய்வது எப்படி என்று ஆராய்ந்துகொண்டிருக்கிறீர்களா? வீட்டில் அதற்கு நல்ல பெயர் ஏதும் வைத்திருக்கிறீர்களா? அப்படியென்றால் ஒருமுறை திரும்பிப் பாருங்கள். பால்கனிக் கதவு கண்ணாடி. உள்ளே நிற்கிற பிள்ளைக்கு எல்லாம் தெரியும்.