சம்பந்திக்கு நான் கொண்டுபோன பூங்கொத்து

கூச்சப்படுகிறவர்களால் யாருக்கும் தொந்தரவு இல்லை என்று எல்லோரும் நினைக்கிறார்கள். அது தவறு. கூச்சப்படுகிறவள் வழி கேட்க மாட்டாள், விலை கேட்க மாட்டாள், இது என்ன இடம் என்றுகூடக் கேட்க மாட்டாள். தானாக ஒன்றை நினைத்துக்கொண்டு செய்துவிடுவாள். ஐந்தாம் வகுப்போடு நின்ற நான் அப்படித்தான் டென்மார்க்கில் போய்க் களவாணி ஆனேன்.

அப்போது நாங்கள் துபாயில், அல் குசைஸில் இருந்தோம். மகன் செந்தில் கோபன்ஹேகனுக்கு வேலைக்குப் போய், மெட்டே என்ற பெண்ணை விரும்பிவிட்டான். பையன் வீட்டு ஆளை நேரில் பார்க்காமல் சரி சொல்ல மாட்டேன் என்று அவள் அம்மா சொல்லிவிட்டாராம். (சம்பந்தி எந்த ஊரிலும் சம்பந்திதான்.) என் வீட்டுக்காரருக்கு ஒர்க்ஷாப்பில் லீவு கிடைக்கவில்லை.

"ஏளா, நீதான் போணும். இந்தக் கல்யாணம் உன் கையிலதான் இருக்கு."

"எனக்குப் பேச வராதே."

"பேசாண்டாம். சும்மா சிரிச்சிட்டு இரு. அதுல என்ன தப்பு வந்துரப் போவுது?"

விமானம் மாறி, விடிய விடிய உட்கார்ந்து போய் இறங்கினேன். செந்தில் ரூமில் விட்டு, காபி போட்டுக் கொடுத்தான். "நல்லாத் தூங்குங்கம்மா. சாயங்காலம் அவங்க வீட்டுக்குப் போவோம்" என்று சொல்லிவிட்டு ஆபீஸ் போய்விட்டான்.

தூக்கமா வரும்? ஜன்னலைத் திறந்தேன். ஆகஸ்ட் மாதம், குளிர்ந்த காற்று! துபாயில் அந்த மாதம் ஜன்னலைத் திறந்தால் இட்லிக் கொப்பரையைத் திறந்த மாதிரி இருக்கும். புடவை மேல் ஸ்வெட்டர், காலில் சாக்ஸ், அதன் மேல் செருப்பு. வழி தவறாமலிருக்க எங்கும் திரும்பாமல் நேராக நடந்தேன். ஒரு மணி நேரம் நடந்தும் வியர்க்கவில்லை. குதிகால் செருப்பு போட்ட ஒரு பெண், முன்னால் பெட்டியில் இரண்டு பிள்ளைகளை வைத்து சைக்கிள் மிதித்துப் போனாள். சாலையில் கால் வைத்ததும் கார்கள் எனக்காக நின்றன. (எனக்காக! அந்த மரியாதைக்காகவே அதே சாலையை மூன்று தடவை கடந்தேன்.)

பிறகு ஒரு மஞ்சள் சுவர், வாசல், உள்ளே பெரிய மரங்கள். புல்லில் துண்டு விரித்துச் சிலர் படுத்திருந்தார்கள். ஒரு பெண் ஐஸ்கிரீம் தின்றுகொண்டிருந்தாள். பார்க் என்று நினைத்து உள்ளே போனேன். ஓரமாக எழுத்து வெட்டிய கற்கள், சிலவற்றின் முன்னால் அழகழகான பூங்கொத்துகள். விற்பதற்கு ஆள் இல்லை.

காலையில் ஏர்போர்ட்டிலிருந்து வரும்போது காரில் செந்தில் சொன்னது ஞாபகம் வந்தது. "இங்க கிராமத்துப் பக்கம் கடையில ஆளே இருக்க மாட்டாங்கம்மா. வேணுங்கறத எடுத்துக்கிட்டுக் காசை வச்சிட்டு வந்துடுவாங்க." அப்படியானால் இது பூக்கடை, கல்லில் இருப்பது கடையின் பெயர். துபாயிலிருந்து ஈரத்துணியில் சுற்றிக் கொண்டுவந்த மல்லிகை வழியிலேயே கருத்துப் போயிருந்தது. பூ இல்லாமல் எப்படிப் பெண் பார்க்கப் போவது? நீல ரிப்பன் கட்டிய வெள்ளைப் பூங்கொத்தை எடுத்தேன். அந்த ஊர்க் காசு என்னிடம் இல்லை. பையிலிருந்த அரைக்கிலோ பேரீச்சம்பழப் பாக்கெட்டைக் கல்லின் மேல் வைத்தேன். படுத்திருந்த ஒருவர் தலை தூக்கிப் பார்த்தார். வீட்டுக்காரர் சொன்னபடி சிரித்தேன்.

சாயங்காலம், செந்திலுக்கும் காட்டாமல் பைக்குள் வைத்துக் கொண்டுபோன பூங்கொத்தை இரண்டு கையாலும் சம்பந்தியிடம் நீட்டினேன். அந்தம்மா ரிப்பனைப் படித்தார். முகம் மாறிவிட்டது. மெட்டே வாங்கிப் படித்துவிட்டு செந்திலைப் பார்த்தாள்.

"அம்மா, இதை எங்க வாங்குனீங்க?"

"பார்க்குல. மஞ்சச் சுவரு போட்ட பார்க்கு. ஆளில்லாக் கடை."

செந்தில் தரையிலேயே உட்கார்ந்துவிட்டான். "அது கல்லறைத் தோட்டம்மா. இதுல 'எங்கள் அப்பாவுக்கு, கண்ணீருடன்'னு எழுதியிருக்கு."

"ஆளுக படுத்துக் கெடந்தாகளே?"

"உயிரோட இருக்கவங்களும் அங்கதான் போய்ப் படுப்பாங்கம்மா."

கல்யாணம் போச்சு. ஆனால் அன்றைக்கு எங்கிருந்துதான் வாய் வந்ததோ, நிமிர்ந்து நின்று பேசினேன். "எய்யா, அவுககிட்டச் சொல்லு. நான் களவாணி இல்ல. பேரீச்சம்பழம் வச்சிட்டுத்தான் எடுத்தேன். என் கோட்டிக்காரத்தனத்துக்கு என் மகனை வேண்டாம்னு சொல்லிராதீக." சொல்லிவிட்டு, பூங்கொத்தைத் திருப்பி வைக்கப் பிடுங்கிக்கொண்டு செருப்பு போடாமல் தெருவுக்கு ஓடினேன்.

சம்பந்தி என் செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு பின்னால் ஓடிவந்தார். திரும்பிப் பார்த்தால் தோள் குலுங்குகிறது. அழுகிறார் என்று பயந்தேன். சிரிப்பு! நான்கு பேருமாகக் கல்லறைத் தோட்டத்துக்குப் போனோம், அப்போதும் நல்ல வெளிச்சம் இருந்தது. பாக்கெட் கிழிந்து, கொட்டைகள் மட்டும் சிதறிக் கிடந்தன. பூவை அதே கல்லில் வைத்து, அதன் அடியில் இருந்த பெரியவரிடம் மன்னிப்புக் கேட்டேன். (தமிழில்தான்.) திரும்பும்போது சம்பந்தி என் கையைக் கோத்துக்கொண்டு ஏதோ சொன்னார்.

"என்னய்யா சொல்லுதாக?"

"தப்புன்னு தெரிஞ்ச உடனே வெறுங்காலோட ஓடுற ஆள் வீட்டுக்குப் பொண்ணைக் கொடுக்கலாமாம்."

கல்யாணம் நடந்து, பேத்தியும் பள்ளிக்கூடம் போகிறாள். இன்றைக்கும் நான் யாருக்காவது பூங்கொத்து கொடுத்தால், அவள் முதலில் வாங்கி ரிப்பனைப் புரட்டிப் பார்ப்பாள். "ஆச்சி, இது யாரோடது? அவங்க இருக்காங்களா, செத்துட்டாங்களா?" வீடே சிரிக்கும். நான் பூக்கடை பில்லை எடுத்து நீட்டுவேன்.